ஒருதரம்தான் கேட்டார்

அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கதவைச் சாத்திவிட்டால் அவள் கண்ணில் படமாட்டாள். எனக்கு வாய்த்ததோ கட்டிய புருஷன் மேல் பொறாமை. காலையில் அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து, சட்டையை அயர்ன் பண்ணி, கோட்டில் நீல ரிப்பன் பூவைக் குத்தி, "கவனமாப் போட்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு அடுப்படியில் தனியே நின்று வயிறெரிய வேண்டும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு பிரிட்டிஷ் பொதுத்தேர்தல். அப்டன் பார்க் பக்கம் எங்கள் தொகுதியில் கொன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளர் திருவாளர் குகதாசன். அவர்தான் என் புருஷன். அந்தக் கட்சியில் எட்டு வருஷமாக மாடாய் உழைத்தவள் திருமதி தவநாயகி குகதாசன். அது நான்.

கட்சியில் சேர்ந்தது நான்தான். கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் அரிசி பருப்புக் கடை போட்ட வருஷமே சேர்ந்துவிட்டேன். கடை வைத்திருப்பவளுக்கு வரி குறைய வேண்டும், களவு குறைய வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. எங்கள் தமிழ் ஆட்கள் அத்தனை பேரும் லேபர் கட்சிக்கு வோட்டுப் போட, நான் ஒருத்தி கொன்சர்வேட்டிவின் நீலக் கொடி பிடித்தேன். "உனக்கென்ன விசரே?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. மழையில் நனைந்து துண்டுப்பிரசுரம் போட்டேன். தபால் துவாரத்துக்குள் கைவிட்டு நாயிடம் கடி வாங்கினேன். டிசம்பரில் அவர்களுடைய நத்தார் விருந்துக்கு வருஷம் தவறாமல் கட்லட் பொரித்துக் கொண்டுபோனேன். அந்தக் கட்லட்டைத் தின்றே பாதிக் கிளை கொழுத்தது.

அவ்வளவு காலமும் இவர் என்ன செய்தார்? என்னைக் காரில் ஏற்றி இறக்கினார். கூட்டம் நடந்தால் கடைசி வரிசையில் இருந்து பேப்பர் வாசித்தார். தண்ணீர்க் கொம்பனி ஒன்றில் என்ஜினியர் வேலை, வீடு, சனிக்கிழமை கிரிக்கெட். அரசியல் பற்றி இவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

முந்தின வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், கிளைத் தலைவர் எட்வேட் எங்கள் இருவரையும் தேநீருக்கு அழைத்திருந்தார். ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். நல்ல மனுஷன்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். கேக்கை வெட்டித் தந்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். இந்தத் தொகுதியில் பாதிப்பேர் ஆசியர்கள். இந்த முறை அவர்களில் ஒருவரை நிறுத்தலாம் என்று தலைமையகம் நினைக்கிறது. "தவா, நீங்கள் நிற்க விரும்புவீர்களா?" என்று கேட்டார்.

எட்டு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஆனால் வாய் என்ன சொன்னது? "ஐயையோ, நானா? எனக்கென்ன தெரியும்? என்னைவிடத் தகுதியான ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!"

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். ஒரு வீட்டுக்குப் போனால், சாப்பிடச் சொன்னதும் யாராவது கையைக் கழுவிக்கொண்டு உட்காருவார்களா? முதலில் வேண்டாம் என்பது. "இல்லையில்லை, இருங்கோ" என்று அவர்கள் சொன்னால், இப்போதுதான் சாப்பிட்டு வந்தோம் என்பது. மூன்றாம் தரமும் கையைப் பிடித்து இழுத்தால், "சரி, உங்களுக்காக ஒரு பிடி" என்று உட்கார்ந்து மூன்று பிட்டு உள்ளே தள்ளுவது. கேட்டவுடன் ஓம் என்றால் காய்ந்து கிடந்தவள் என்று நினைப்பார்கள். அப்படித்தான் என்னை வளர்த்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எட்வேட் இரண்டாம் தரம் கேட்கட்டும் என்று கேக்கைப் பார்த்தபடி இருந்தேன்.

எட்வேட் மெல்லத் தலையாட்டினார். "விளங்குகிறது. கடையும் இருக்கிறது, நான் வற்புறுத்தக்கூடாது" என்றார். முகத்தில் உண்மையான கவலை. பிறகு தேநீர்க் கெண்டியைத் தூக்கி இவருடைய கோப்பையை நிரப்பிக்கொண்டே, "அப்படியானால் நீங்கள், குகா?" என்றார்.

"விருப்பம்தான்," என்றார் இவர். கெண்டி இன்னும் கீழே வைக்கப்படவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் கார் நின்றபோது இவர் கேட்டார். "உமக்கு ஒண்டும் இல்லைத்தானே தவம்?"

"எனக்கென்ன? நல்ல விஷயம்தானே," என்றேன்.

"அப்ப சரி," என்றார். பச்சை விழுந்தது.

கட்சிக் குழு இவரைத் தெரிவு செய்த மாலையில் என்னையும் மேடையில் இருத்தினார்கள். வேட்பாளரின் மனைவியையும் ஒருதரம் பார்த்துக்கொள்வது அவர்களுடைய வழக்கம். குழுவில் இருந்த, முத்துமாலை போட்ட ஒரு அம்மா எழும்பி, "உங்கள் கணவருக்கு நீங்கள் முழு ஆதரவும் கொடுப்பீர்களா?" என்று என்னிடம் கேட்டாள். எட்டு வருஷத்தில் அந்தக் குழுவிடமிருந்து எனக்கு வந்த ஒரே கேள்வி அதுதான். "கட்டாயம்," என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

இவர் வெல்லப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் பகுதியில் லேபர் ஒரு கழுதையை நிறுத்தினாலும் வெல்லும். ஆனால் கட்சியில் அது ஒரு படிமுறை. புதிய ஆளை முதல்தரம் தோற்கிற இடத்தில் விட்டுப் பார்ப்பார்கள். மரியாதையாகத் தோற்றால், அடுத்த தேர்தலுக்கு வெல்லக்கூடிய இடமாகப் பார்த்துக் கொடுப்பார்கள். முதல் படியில் கால் வைத்தவருக்குத்தான் அடுத்த படி. அந்த முதல் படியில் என் கால் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

துண்டுப்பிரசுரத்துக்குப் படம் எடுக்க வந்தார்கள். எங்கே எடுத்தார்கள்? என் கடை வாசலில். இவர் நடுவில் கைகட்டி நின்றார். என்னைச் சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கீழே அச்சடித்திருந்தது: 'சிறு வியாபாரிகளின் கஷ்டம் தெரிந்தவர்.' அந்தக் கடையில் இவர் ஒரு இறாத்தல் பருப்பு நிறுத்துக் கொடுத்திருப்பாரா? மிளகாய்த்தூள் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்.

கடைக்கு வருகிற கலாவதிக்கு அது நல்ல விளையாட்டாகப் போயிற்று. பக்கத்துத் தெருவில் இருப்பவள், என்னைவிட இளையவள், வாய் சும்மா இருக்காது.

"அக்கா, அண்ணை பார்லிமென்டுக்குப் போனாப் பிறகு எங்களோடை கதைப்பியளோ, மாட்டியளோ?"

"முதல்லை நீர் உந்தப் பழைய காசைத் தாரும். பிறகு யோசிப்பம்."

"எண்டாலும் அண்ணை நல்லாக் கதைக்கிறார் அக்கா. நான் நினைக்கேல்லை. இவ்வளவு காலமும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

கத்தரிக்காய்ப் பையை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். முடிச்சு கொஞ்சம் இறுகிவிட்டது.

அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. தொடக்கத்தில் இவர் வாசலுக்கு வாசல் போய் நின்று திருதிருவென்று முழித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பின்னால் நின்று, "இது வாதநோய்க்காரர் வீடு, கார் விடுற இடத்தைப் பற்றிக் கேளுங்கோ" என்று காதுக்குள் சொல்லுவேன். இவர் கேட்பார். வீட்டுக்காரர், "உங்களுக்கு எல்லாம் தெரியுதே!" என்று இவருடைய கையைப் பிடித்துக் குலுக்குவார். என் கையில் துண்டுப்பிரசுரக் கட்டு. பேச்சுகளையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் இருந்து, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பாடமாக்கினார். என் பேச்சை இவருடைய வாயில் கேட்பது ஒரு விதமான தண்டனை. ஆனாலும் அது என் பேச்சு என்று ஒரு ஆறுதல் இருந்தது.

அந்த ஆறுதலும் ஒருநாள் போயிற்று.

எங்கள் ஆட்களுக்கென்று கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்திருந்தோம். அகதிச் சட்டத்தை இறுக்குகிறார்கள் என்று எங்கும் அதே கதையாக இருந்த நேரம். இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். 'சட்டம் பொய்யான விண்ணப்பங்களைத் தடுக்கத்தான், உண்மையான அகதிக்கு அதில் பயமில்லை' என்று பதிலும் எழுதிக் கொடுத்திருந்தேன். ஊரில் படிப்பித்த அருட்பிரகாசம் மாஸ்டர் எழும்பினார். அவருக்கு எங்கள் கட்சி என்றாலே ஆகாது. "தம்பி, எங்கடை பிள்ளையளை எயார்போர்ட்டிலையே மறிச்சுத் திருப்பி அனுப்பிற கட்சிக்கு நாங்கள் ஏன் வோட்டுப் போட வேணும்?" என்று கேட்டார். மண்டபம் உறுமியது.

இவர் என் தாளை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மடித்துப் பொக்கெட்டுக்குள் வைத்தார்.

"மாஸ்டர், என்ரை தங்கச்சியின்ரை மகன் இப்ப உள்ளுக்கைதான் இருக்கிறான். எயார்போர்ட்டிலை பிடிச்சவங்கள். போன கிழமை நான் மூண்டு இடத்துக்கு ரெலிபோன் எடுத்தனான். இந்தக் கட்சியிலை நிக்கிற ஆள் எண்டு சொன்னாப் பிறகுதான் ஒருத்தர் எடுத்துக் கதைச்சவர். அவனை விட்டிட்டாங்கள் எண்டு நான் சொல்லேல்லை. இன்னும் விடேல்லை. ஆனால் ரெலிபோனை எடுத்தவங்கள். அந்தச் சட்டம் பிழை எண்டு வெளியிலை நிண்டு சத்தம் போட நீங்கள் இருக்கிறியள். உள்ளுக்கை நிண்டு சொல்ல ஒருத்தன் வேணும். வோட்டுப் போடாட்டிலும் பரவாயில்லை மாஸ்டர், ஆனால் என்னைத் துரோகி எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

முதலில் மாஸ்டரே கையைத் தட்டினார். அதற்குப் பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது.

மருமகன் பிடிபட்டது எனக்குத் தெரியும். இவர் ரெலிபோன் எடுத்தது தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பிள்ளையை நினைத்து எனக்கு அப்போது கண் கலங்கவில்லை. இந்தப் பதில் எனக்கு ஏன் வரவில்லை என்றுதான் கலங்கியது. நான் எழுதியதைவிட அது நூறு மடங்கு நல்ல பதில். இவருக்கு அது சும்மா வந்திருக்கிறது. ஆசைப்படாத மனுஷன், ஒரு நாளும் இதற்காக உழைக்காத மனுஷன், கேட்காமலே எல்லாம் இவர் மடியில் வந்து விழுகிறது. அன்றிரவு இவருக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கவில்லை. பால் முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

வாக்களிப்பு நாள் நல்ல வெயில். ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றில் சாவடி. குழந்தைகள் வரைந்த முயல் படங்கள் சுவரில் இருந்தன. நான் தனியாகத்தான் போனேன். இவர் விடியவே போட்டுவிட்டு வீதியில் இறங்கியிருந்தார்.

மறைப்புத் தட்டிக்குள் போய்த் தாளை விரித்தேன். மூன்று பெயர்கள். நடுவில் குகதாசன் என்று ஆங்கிலத்தில் தடித்த எழுத்து. அதற்கு நேரே சிலுவைக்கோடு போட வேண்டும், அவ்வளவுதான். நூலில் கட்டிய பென்சிலை எடுத்தேன். கை போகவில்லை. குகதாசன் என்பது என் பெயரிலும் பாதிதானே, போடு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தப் பாதி எனக்குப் போதவில்லை. லேபருக்குப் போடவும் மனம் வரவில்லை, அந்த அளவுக்கு நான் இறங்கமாட்டேன். கடைசிப் பெயருக்குக் கீழே வெள்ளையாக இடம் இருந்தது. அதில் தமிழில் வடிவாக எழுதினேன்: தவநாயகி. எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி. மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வாசலில் நின்ற நீலப்பூக்காரப் பையன்களுக்குச் சிரிப்புக் காட்டிக்கொண்டு வந்தேன். ஆயிரக்கணக்கான தாளுக்குள் ஒன்று, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

எட்டு வருஷமாக உழைத்தும் வாக்கு எண்ணும் மண்டபத்துக்குள் ஒருதரமும் நான் போனதில்லை. அனுமதிச் சீட்டு சிலருக்குத்தான் கிடைக்கும். இந்த முறை வேட்பாளரின் மனைவி என்றதால் கிடைத்தது. அங்கே என்ன நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சந்தேகமான தாள்களை எல்லாம் தனியே எடுத்து வைத்து, கடைசியில் வேட்பாளர்களையும் அவர்களுடைய முகவர்களையும் மேசைக்கு அழைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார்களாம். எட்வேட் சொன்னபோதுதான் நான் எழுதிய தாள் நினைவுக்கு வந்தது.

அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனுஷன். இரண்டு பேருக்குக் கோடு போட்ட தாள், ஒன்றும் போடாத தாள், அசிங்கமாகப் படம் கீறிய தாள் என்று காட்டிக் காட்டி ஒதுக்கினார். கடைசியாக ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திரு. குகதாசன், இது உங்கள் மொழியா?"

நான் இவருக்குப் பின்னால் நின்றேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எங்கள் கடையில் விலைச்சீட்டு முழுவதும் நான் எழுதுவது. இவருக்கு அந்த எழுத்து அடையாளம் தெரியாமல் போக வழியே இல்லை.

"இது ஒரு பெயர்," என்றார் ஆங்கிலத்தில். "என் மனைவியின் பெயர்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "தவா, உங்களுக்கும் ஒரு வாக்கு!" என்று எட்வேட் என் தோளில் தட்டினார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "இந்த எழுத்தை வைத்து, வாக்குப் போட்டவர் யார் என்று சொல்ல முடியுமா? சட்டப்படி நான் கேட்க வேண்டியிருக்கிறது," என்றார்.

இவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தவம்?" என்று மெதுவாகக் கேட்டார். தமிழ் அங்கே வேறு ஒருவருக்கும் தெரியாது.

"நீங்கள் ஏன் அண்டைக்கு ஓம் எண்டனீங்கள்? அதை முதல்லை சொல்லுங்கோ."

"அவர் உம்மைத்தானே முதல் கேட்டவர். நீர்தானே மாட்டன் எண்டனீர்?"

"அந்த மனுசனுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமோ தெரியாது? இவ்வளவு காலமும் என்னோடை இருக்கிறியள். நான் வேண்டாம் எண்டால் என்ன அர்த்தம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொன்னால் நம்பவும் தயாராக இருந்தேன்.

"தெரியும்," என்றார்.

நான் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுதான் ஓம் எண்டனான். அவர் திரும்பியும் உம்மைக் கேட்டிடுவார் எண்டு பயந்து, கெதியாச் சொன்னனான். அந்த ஒபீஸிலை பதினெட்டு வருஷம் ஒரே மேசை. எனக்குப் பிறகு வந்தவனெல்லாம் மேலை போயிட்டான். ஒருத்தனும் ஒருநாளும், குகா நீ வாறியோ எண்டு என்னைக் கேக்கேல்லை. எட்வேட் கேட்டார். எனக்கும் ஆசை இருந்தது, தவம். உம்மைவிடக் கூட இருந்தது."

தோல்வியில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தேற்றுகிறோம் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள் போலும். எட்வேட் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். லேபர்காரர்கூட ஒரு அடி பின்னால் போனார்.

எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். அவ்வளவு மாதமும் வயிற்றுக்குள் கிடந்து புகைந்த அந்தப் பொறாமை அந்த இடத்திலேயே அணைந்துபோயிற்று. ஒன்றுமே வேண்டாத மனுஷனுக்கு எல்லாம் கிடைக்கிறது என்றல்லவா நான் எரிந்தேன்? இவருக்கு வேண்டியிருந்திருக்கிறது. பசித்துத்தான் என் இலையிலிருந்து எடுத்திருக்கிறார். பொறாமை போய், நல்ல சுத்தமான கோபம் வந்தது. கோபம் எவ்வளவோ சுகம். கோபப்பட்டால் சண்டை பிடிக்கலாம், பேசித் தீர்க்கலாம், அடுத்த முறை யார் என்று முகத்துக்கு நேரே கேட்கலாம்.

"வீட்டை வாங்கோ, உங்களுக்கு இருக்கு," என்றேன்.

"வாறன்," என்றார். பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "போட்டவர் யார் என்று சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் யாரும் எழுதியிருக்கலாம்," என்றார் ஆங்கிலத்தில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். எப்படியும் செல்லாது என்று சொல்லி அதிகாரி அந்தத் தாளை ஒதுக்கினவற்றுக்கு மேல் வைத்தார்.

முடிவை வாசிக்க எல்லா வேட்பாளர்களும் மேடை ஏறினார்கள். அவர்களுடைய மனைவிமாரும் ஏறினார்கள். இவருக்குப் பக்கத்தில் மட்டும் இடம் வெறுமையாக இருந்தது. நான் ஏறாமல் கீழே, எண்ணி முடித்த மேசைகளுக்கு நடுவில் நின்றேன். அதிகாரி ஒவ்வொரு பெயராக வாசித்தார். லேபருக்குக் கிடைத்ததைச் சொன்னபோது மண்டபம் அதிர்ந்தது. இவருக்கு நாங்கள் நினைத்ததைவிடக் கூடக் கிடைத்திருந்தது. எட்வேட் துள்ளினார். நானும் கைதட்டினேன். இவர் நன்றாகத்தான் தோற்றிருந்தார்.

கடைசியில், செல்லாத வாக்குகள் என்று சொல்லி, என்னுடையதும் சேர்ந்த ஒரு தொகையை வாசித்தார். அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை. மேடையில் நின்ற இவர் மட்டும், கழுத்தை நீட்டிக் கூட்டத்துக்குள் என்னைத் தேடினார்.

நான் கையை உயர்த்திக் காட்டினேன்.